பிள்ளையைத் திருச்சியில் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தால் எங்கள் வீட்டு போன் ஓயாது. சித்தி மகன், பழைய அலுவலகத் தோழி, அவருடைய நாத்தனார் என்று யாராவது ஒருவர் வீட்டுப் பிள்ளைக்குத் திருச்சியில் இடம் கிடைத்திருக்கும். கலைக் கல்லூரிகளுக்கு ஜூன், ஜூலையில் வருவார்கள்; பொறியியலுக்குப் பெரும்பாலும் ஆகஸ்டில். கேட்பது எல்லோரும் ஒன்றேதான்: எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, வந்தது வந்தோம், ஊரையும் பார்த்துவிட்டுப் போகலாமா? திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

"பஞ்சப்பூர்ங்கிறாங்க, சென்ட்ரல்ங்கிறாங்க, சத்திரம்ங்கிறாங்க. பஸ்ல வந்தா எங்க இறங்கணும்?"

மூன்றும் வெவ்வேறு இடங்கள். மதுரைச் சாலையில் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. முன்பு சென்ட்ரலுக்கு வந்த வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் இப்போது அங்கேதான் வருகின்றன. சென்ட்ரல் பேருந்து நிலையம் ரயில்வே ஜங்ஷனுக்கு அருகில் இருக்கிறது. நகரப் பேருந்துகளுக்கு இன்றும் அதுதான் மையம். சத்திரம் பேருந்து நிலையம் மலைக்கோட்டைப் பக்கம், காவிரிப் பாலத்துக்குச் சற்று முன்னால். பழைய தகவலை நம்பி "சென்ட்ரலில் இறக்கிவிடுவார்கள்" என்று உட்கார்ந்திருக்காமல், டிக்கெட் வாங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள்.

கல்லூரி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். புனித வளனார், ஹோலி கிராஸ் என்றால் சத்திரம் பக்கம். சேதுராப்பட்டி ஐ.ஐ.ஐ.டி. என்றால் பஞ்சப்பூரே வசதி, அதுவும் மதுரைச் சாலைதான். பாரதிதாசன் பல்கலைக்கழகமும் ஐ.ஐ.எம்.மும் புதுக்கோட்டைச் சாலையில். சமயபுரத்தைச் சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருச்சி நகருக்குள்ளேயே வர வேண்டியதில்லை, வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். என்.ஐ.டி. தஞ்சைச் சாலையில் துவாக்குடியில் இருக்கிறது, ஜங்ஷனிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அது 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, பெயர் மாறி இத்தனை ஆண்டாகியும் பேருந்தில் "ஆர்.இ.சி." என்ற குரலைக் கேட்கலாம். அது நீங்கள் இறங்க வேண்டிய இடம்தான், குழம்ப வேண்டாம்.

"ரயில்ல வந்தா ஜங்ஷன்தானே?"

பெரும்பாலும் ஆமாம். ஆனால் திருச்சிக்கு ஒரு நிலையம் மட்டும் இல்லை. கோட்டை, டவுன், ஸ்ரீரங்கம், பொன்மலை, திருவெறும்பூர் என்று தனித்தனி நிலையங்கள் உண்டு. ஸ்ரீரங்கத்தில் தங்கப் போகிறவர்கள் சென்னையிலிருந்து வரும்போது தங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று பார்த்துக்கொண்டால் ஊரைக் கடந்து போய்த் திரும்பி வரும் வேலை மிச்சம். திருவெறும்பூர் நிலையம் துவாக்குடிக்கு அருகில், தஞ்சை வழித்தடத்தில். ஆனால் அங்கே எல்லா ரயிலும் நிற்காது.

எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கொண்டுவந்து விட்டுவிடும். கல்லூரி அலுவலகம் திறக்கவோ ஒன்பது, பத்து ஆகும். அந்த இடைவெளிக்காகவாவது ஓர் அறை வேண்டும். பெட்டி படுக்கையோடு கல்லூரி வாசலில் போய் உட்கார்ந்தால், வரிசையில் நிற்கும் முன்பே பிள்ளை சோர்ந்துவிடும்.

"டோல்கேட்ல இறங்குங்கன்னு சொல்றாங்க. எந்த டோல்கேட்?"

இது நல்ல கேள்வி, கேட்காமல் போனவர்கள்தான் அலைகிறார்கள். திருச்சியில் 'டோல்கேட்' என்று மூன்று இடங்கள் உண்டு. நம்பர் ஒன் டோல்கேட் கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரம் போகும் வழியில். டி.வி.எஸ். டோல்கேட் நகரின் தென்பக்கம், விமான நிலையம் போகும் சாலையில். துவாக்குடி டோல்கேட் தஞ்சைச் சாலையில், என்.ஐ.டி.க்குப் பக்கத்தில். மூன்றும் மூன்று மூலை. ஆட்டோக்காரரிடமோ நடத்துனரிடமோ வெறுமனே "டோல்கேட்" என்று சொல்லாதீர்கள், முன்னால் உள்ள பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னைப் பக்கமிருந்து வந்தால் கொள்ளிடம், காவிரி இரண்டையும் புறவழிச்சாலைப் பாலங்களில் தாண்டி, பால்பண்ணை ரவுண்டானாவில் இடப்பக்கம் திரும்பினால் தஞ்சைச் சாலை. பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் இடையே சர்வீஸ் சாலை வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். லாரியும் பஸ்ஸும் பறக்கிற சாலையில் உள்ளூர் வண்டிகளும் குறுக்கே வரும். அவசரப்படாமல் ஓட்டுங்கள்.

"காலைல சேர்த்துட்டு சாயங்காலமே கிளம்பிடலாமா?"

கிளம்பலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். என் யோசனை வேறு: முடிந்தால் ஒரு நாள் முன்னதாக வாருங்கள். சேர்க்கை நாளன்று சான்றிதழ் சரிபார்ப்பு, கட்டணம், விடுதி அறை என்று வரிசை வரிசையாகப் போகும். அதற்கு நடுவே ஊரைப் பார்க்க முடியாது, பார்த்தாலும் மனதில் நிற்காது.

முதல் நாள் மாலை ஊர், மறுநாள் காலை கல்லூரி, அன்று வெளிச்சம் இருக்கும்போதே விடைபெறுவது. இந்த வரிசைதான் நல்லது. இதில் 'ஊர்' என்று சொல்வது சுற்றுலாவை அல்ல. சுற்றுலாவுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். உங்கள் பிள்ளை இனி மூன்று, நான்கு ஆண்டுகள் புழங்கப் போகிற இடத்தை நீங்கள் கூட இருக்கும்போது ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். கீழே எந்த இடத்தைப் பற்றிச் சொன்னாலும் அந்த எண்ணத்தில்தான் சொல்கிறேன்.

"ரூம் எங்க போடலாம்?"

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலே இதற்கும் பொருந்தும்: கல்லூரி இருக்கும் திசை. சென்ட்ரல் பேருந்து நிலையத்தைச் சுற்றி எல்லாத் தரத்திலும் விடுதிகள் உண்டு, எந்தப் பக்கம் போவதற்கும் பேருந்து கிடைக்கும், அதனால் பொதுவாக அதைத்தான் சொல்வேன். வயதானவர்களோடு வந்து கோயில்தான் முக்கியம் என்றால் ஸ்ரீரங்கம். கொள்ளிடக் கரையில் யாத்ரி நிவாஸ் இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். துவாக்குடியில் தங்க இடம் குறைவு. சேர்க்கை வாரத்தில் எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள், ஆகவே கல்லூரியிலிருந்து தேதி வந்த அன்றே அறைக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

"முதல்ல ஹாஸ்டல் ரூமைப் பார்த்துட்டு சாமான் வாங்கறதா, ஊர்லேருந்தே எல்லாத்தையும் தூக்கிட்டு வர்றதா?"

தூக்கிக்கொண்டு வராதீர்கள். பக்கெட், கப்பு, பாய், தலையணை, துணிக்கொடிக் கயிறு, பூட்டு எல்லாம் இங்கே கிடைக்கும். வீட்டிலிருந்து வர வேண்டியது சான்றிதழ்களின் அசல், நகல்கள், புகைப்படங்கள், மருந்துச் சீட்டு, பிள்ளைக்குப் பழகிய போர்வை. பழகிய போர்வை முக்கியம், புது இடத்தில் முதல் இரவு தூக்கத்துக்கு அது உதவும்.

மற்றவற்றைக் கடைவீதியில் பிள்ளையை வைத்துக்கொண்டே வாங்குங்கள். மெயின்கார்டு கேட்டிலிருந்து தொடங்கும் நடை நல்லது. அது பழைய கோட்டையின் மேற்கு வாசல். கோட்டைச் சுவர் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. உள்ளே நுழைந்தால் தெப்பக்குளம், அதை ஒட்டி என்.எஸ்.பி. சாலை, துணிக்கடைகள். அப்படியே பெரிய கடைவீதி, சிங்காரத்தோப்பு என்று போகலாம். எந்தப் பொருள் எந்தத் தெருவில் கிடைக்கும் என்பது அந்த ஒரு மாலை நடையில் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். செருப்பு அறுந்தாலும் குடை தொலைந்தாலும் அடுத்த மாதம் அவர்களே போய் வாங்கிக்கொள்வார்கள். பேரம் பேசுவதையும் அவர்களிடமே விடுங்கள். பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

பூட்டு மட்டும் நல்லதாக, மூன்று சாவியோடு வாங்குங்கள். ஒரு சாவி உங்களிடம் இருக்கட்டும்.

"ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரமிருக்குன்னா எதைப் பார்க்கறது?"

மலைக்கோட்டை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஊர் நடுவில் 83 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிற ஒற்றைப் பாறை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். படிகள் நானூறுக்கு மேல், ஆனால் பெரும்பகுதி பாறையைக் குடைந்த கூரையுள்ள வழி என்பதால் வெயில் தெரியாது. கடைசிப் படிகள் திறந்த வெளியில். அங்கே பாறை நண்பகலில் காலைச் சுட்டுவிடும். காலையிலோ மாலை நாலரைக்கு மேலோ ஏறுங்கள். ஆடி மாதம் என்றால் உச்சியில் காற்று தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அங்கே நின்றால் புரியும், துப்பட்டாவையும் கையிலிருக்கும் காகிதங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார்கள். நின்று பாருங்கள்.

உச்சியில் சாமி கும்பிட்டானதும் பிள்ளையைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்க வைத்து ஊரைக் காட்டுங்கள். வடக்கே காவிரி, அதற்கு அப்பால் தீவாக ஸ்ரீரங்கம், அதன் ராஜகோபுரம். கீழே காலடியில் தெப்பக்குளம், பக்கத்தில் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்முனைக் கோபுரம், அதை ஒட்டிப் புனித வளனார் கல்லூரி. அந்தக் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கே வந்தது. ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் இயற்பியல் படித்தது இங்கேதான். தென்கிழக்கே பொன்மலை. அதற்கும் அப்பால் கிழக்கே போகிற சாலை தஞ்சைச் சாலை, அந்தப் பக்கம்தான் துவாக்குடி. நீ எங்கே இருக்கப் போகிறாய், பஸ் எந்த வழியாக வரும், ஆறு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டால், கைபேசி வரைபடம் ஒரு வாரத்தில் கற்றுத் தருவதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இறங்கும்போது தாயுமானவர் சன்னிதியில் அந்தத் தல வரலாற்றையும் சொல்லுங்கள். ரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ நேரம். தாய் வர வேண்டும், காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. இறைவன் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளையைத் தனியே விட்டுப் போகிற அன்று இந்தக் கதையைக் கேட்கிற அம்மாக்கள் பலர் அந்தச் சன்னிதியில் கூடுதலாக நாலு நிமிடம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

"மாமியாருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அவங்களுக்கு என்ன?"

ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். இரண்டும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே தீவில் இருக்கின்றன. சென்ட்ரலிலிருந்தும் சத்திரத்திலிருந்தும் ஒண்ணாம் நம்பர் பஸ் போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள். வெளிச்சுற்றுகள் வீடும் கடையுமாக மக்கள் வாழ்கிற வீதிகள். தெற்கு ராஜகோபுரம் 236 அடி. பல நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று 1987-இல்தான் முழுமை பெற்றது. உள்ளே தூரம் அதிகம், நடக்க வேண்டியிருக்கும், ஆனால் மலையேற்றம் கிடையாது. சேஷராயர் மண்டபத்துக் குதிரை வீரர் தூண்களைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். முன்னங்கால்களைத் தூக்கிய குதிரை, அதன் மேல் வீரன், அடியில் புலி, எல்லாம் கல். திருவானைக்காவல் நீர்த்தலம், பஞ்சபூதத் தலங்களில் ஒன்று. உச்சிக்கால பூஜையின்போது அர்ச்சகர் புடவை அணிந்து அம்மன் கோலத்தில் வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார். அறிவியல் படிக்க வந்த பிள்ளையென்றால் இதையும் சொல்லுங்கள்: சர் சி.வி. ராமன் 1888-இல் பிறந்தது இந்தத் திருவானைக்காவலில்.

மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள், ஸ்ரீரங்கத்தில் இடையிடையே பூஜைக்காகவும் தரிசனம் நிற்கும். காலையில் சீக்கிரம் போவதே வயதானவர்களுக்கு நல்லது.

"நாங்க கோயிலுக்குப் போறவங்க இல்ல. எங்களுக்கு இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது. மேலே சொன்ன லூர்து அன்னை ஆலயம், நகருக்குள் நத்தர்வலி தர்கா, கல்கத்தா பிஷப்பாக இருந்து 1826-இல் திருச்சியில் காலமான ஹீபர் அடக்கம் செய்யப்பட்ட தூய யோவான் ஆலயம். புத்தூரில் இருக்கும் பிஷப் ஹீபர் கல்லூரிக்கு அவர் பெயர்தான். ஸ்ரீரங்கத்தின் வெளிவீதிகளிலும் மண்டபங்களிலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்; மூலவர் பக்கம் மட்டும் இந்து அல்லாதோருக்கு அனுமதி இல்லை.

ராணி மங்கம்மாள் மஹாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ரயில் பிடித்த பிள்ளைகளுக்கு ஜங்ஷன் அருகே ரயில்வே பாரம்பரிய மையம். புனித வளனார் கல்லூரியைப் போலவே பொன்மலை ரயில்வே பணிமனையும் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாறி வந்ததுதான். நீலகிரி மலை ரயிலின் நீராவி இன்ஜின்களைப் பழுது பார்க்கிற இடம் அது. ஸ்ரீரங்கம் அருகே மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-லிருந்து இருக்கிறது, கூட வந்த தம்பி தங்கைகளுக்குப் பிடிக்கும். புதுக்கோட்டைச் சாலையில் அண்ணா அறிவியல் மையத்தில் கோளரங்கம்.

"கல்லணை, முக்கொம்பு ரெண்டும் ஒரே நாள்ல பார்த்துடலாமா?"

வேண்டாம். மேலணை இருக்கும் முக்கொம்பு மேற்கே, கல்லணை கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டால் பாதி நேரம் சாலையிலேயே போய்விடும். துவாக்குடியில் படிக்கப் போகிற பிள்ளை என்றால் கல்லணை. திருவெறும்பூரிலிருந்தே அதற்குச் சாலை பிரிகிறது. நகருக்குள் படிக்கிறவர் என்றால் எது வசதியோ அது.

கல்லணைக்குப் போனால் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. எந்தப் பக்கம் எந்த ஆறு என்று பார்த்தால் தஞ்சை மாவட்டத்து நெல் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்கு நேரே தெரியும். கட்டுமானப் பொறியியல் படிக்க வந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் வகுப்பு கிடையாது. கரிகாலன் மணல் படுகையின் மேல் கல்லைப் போட்டு, அது தானே அமிழ்ந்து நிலைக்கும்படி கட்டியதாகச் சொல்லப்படும் அணை. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதைப் பார்த்து வியந்தார், 1830-களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டியதும் அவரே. அந்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்து விழுந்தன, அதன் பிறகு புதிய கதவணை கட்டினார்கள். ஏன் உடைந்தது என்று பேசிக்கொண்டே வரலாம்.

மேட்டூர் அணையைக் குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அப்படித் திறந்த ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு ஆறு நிறையத் தண்ணீரோடு இருக்கும்.

"ஆத்துல இறங்கிக் குளிக்கலாமா?"

கூடாது. கரையில் நின்று பாருங்கள், காலை நனைக்க வேண்டுமென்றால் படித்துறையில் நனையுங்கள். மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீருக்குள் மணல் பள்ளங்களும் சுழலும் உண்டு. திடீரென்று தண்ணீர் வரத்தும் கூடும். இந்த ஆற்றைப் பற்றித் தெரியாமல் இறங்கி மாணவர்கள் உயிரை விட்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நண்பர்களோடு போனாலும் இறங்கக் கூடாது என்பதைக் கல்லணையிலேயே, தண்ணீரைக் காட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். போனில் சொல்வதைவிட அது பதியும்.

"துவாக்குடிலேருந்து தஞ்சாவூர் பக்கம்தானே? பெரிய கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?"

பக்கம்தான், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் சேர்க்கை நாளன்று வேண்டாம். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலை அவசரமாகப் பார்ப்பது அதற்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் நிறைவு இல்லை. கூடுதலாக ஒரு நாள் இருந்தால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் அதைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள், முதல் மாதமே நண்பர்களோடு போய்விடுவார்கள். புதுக்கோட்டைச் சாலைக் கல்லூரிக்காரர்களுக்கு நார்த்தாமலையும் சித்தன்னவாசல் ஓவியங்களும் அதே போல்.

அரை மணி நேரம்தான் இருக்கிறது, என்.ஐ.டி. பக்கமே ஏதாவது வேண்டும் என்கிறவர்கள் திருவெறும்பூரில் சிறு குன்றின் மேல் இருக்கும் எறும்பீஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். சோழர் காலத்துக் கோயில், படிகள் குறைவு, பெரும்பாலான நாள்களில் கூட்டமும் இருக்காது.

"பொண்ணு தனியா பஸ்ல போய் வந்துடுவாளா? பயமா இருக்கு."

வந்துவிடுவாள். அதற்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். விடுதி வாசலிலிருந்து ஜங்ஷனுக்கோ பேருந்து நிலையத்துக்கோ ஒருமுறை நகரப் பேருந்தில் போய் வாருங்கள். காரில் வந்திருந்தாலும் இதைச் செய்யுங்கள். டிக்கெட் வாங்குவது, எங்கே இறங்குவது என்று கேட்பது, திரும்பி வரும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்ப்பது எல்லாம் அவள் செய்யட்டும். நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வாருங்கள். அந்த ஒரு பயணத்துக்குப் பிறகு உங்கள் பயமும் பாதியாகிவிடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

இருட்டிய பிறகு தனியாகப் பயணம் என்றால் செயலி வழியே வண்டி, பயண விவரத்தை வீட்டுக்குப் பகிர்வது, இரண்டையும் வழக்கமாக்குங்கள். போனில் சேமிக்க வேண்டியவை: விடுதிக் காப்பாளர், கல்லூரி அலுவலகம், திருச்சியில் தெரிந்த ஒருவர், ராகிங் புகாருக்கான தேசிய உதவி எண் 1800-180-5522. தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்ய 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. சின்னத் தொந்தரவுதானே என்று பிள்ளை மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

"எங்க கூட ஊர் சுத்தவே வரமாட்டேங்கறான். 'நீங்க கிளம்புங்க'ன்னே சொல்றான். என்ன பண்றது?"

கோபப்படாதீர்கள். அவனுக்குள் ஆயிரம் ஓடிக்கொண்டிருக்கும். அறைத்தோழன் யார், எல்லோரும் நம்மைவிட நன்றாகப் படிப்பவர்களா, அம்மா எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவாளா? அந்தப் பதற்றம்தான் 'கிளம்புங்க' என்று வெளியே வருகிறது.

சுற்றிப் பார்க்கலாம் என்று கூப்பிடாதீர்கள், வேலையாகக் கூப்பிடுங்கள். "சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணணும், முடி வெட்டற கடை எங்க இருக்குன்னு பார்க்கணும், ஏ.டி.எம். பார்க்கணும்" என்றால் வருவான். கல்லூரி வாசலைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடந்தால் போதும்: மருந்துக்கடை, நகலெடுக்கும் கடை, டீக்கடை, நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம். மலைக்கோட்டையைப் பார்க்காமல் போனாலும் இந்த அரை கிலோமீட்டரை விட்டுவிடாதீர்கள். புதிதாகக் கிடைத்த அறைத்தோழனையும் அவன் வீட்டாரையும் கூடச் சாப்பிடக் கூப்பிட்டால் இன்னும் நல்லது. இரண்டு குடும்பமும் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு பிள்ளைகளும் தனியாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

"எங்களுக்கு ரிப்போர்ட்டிங் தேதி ஆடிப்பெருக்கு சமயத்துல வருது. சமாளிக்க முடியுமா?"

ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் அம்மா மண்டபம் படித்துறையில் காலையிலிருந்தே கூட்டம் இருக்கும். புதுமணத் தம்பதிகள் தாலிக்கயிறு மாற்றுவார்கள், பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் காவிரிக்குப் படைப்பார்கள். வெளியூர்ப் பிள்ளைக்குக் கிடைத்தற்கரிய காட்சி. ஆனால் ஸ்ரீரங்கம் பக்கம் போக்குவரத்து மெதுவாகத்தான் நகரும். ஆடி வெள்ளிகளில் சமயபுரமும் அப்படித்தான், அந்தப் பக்கக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூட்டிக் கிளம்புங்கள். கல்லூரி ஆற்றுக்குத் தெற்கே இருந்தால் அறையையும் தெற்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கை வேலையை முடித்துவிட்டு, மாலையில் ஆற்றுப் பக்கம் போகலாம்.

"விட்டுட்டுக் கிளம்பும்போது அழுதுடுவேனோன்னு இருக்கு. எப்ப கிளம்பறது நல்லது?"

அழுகை வந்தால் அழுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நேரத்தை மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள்: "நாலு மணிக்குக் கிளம்புவோம்." சொன்ன நேரத்தில் கிளம்புங்கள். இன்னும் அரை மணி, இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் இரண்டு பக்கமும் கஷ்டம். விளக்கு வைத்த பிறகு பிரிவது இன்னும் கடினம், அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே என்று மேலே சொன்னேன். அந்த நேரத்தில் விடுதியில் மற்ற பிள்ளைகளும் வெளியே இருப்பார்கள், உங்கள் பிள்ளை அவர்களோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். அன்றிரவு அதற்கு மேல் வேண்டாம்.

"அடுத்து எப்ப வரலாம்? மாசாமாசம் வந்து பார்க்கலாமா?"

முதல் மாதம் விட்டுவிடுங்கள். பிறகு வரும்போது உங்களை அவர்கள் சுற்றிக் காட்டட்டும், நீங்கள் இதுவரை கேள்விப்படாத இட்லிக் கடைக்குக் கூட்டிப் போவார்கள். வைகுண்ட ஏகாதசி சமயத்திலும், சித்திரையில் சமயபுரம் தேர் சமயத்திலும் அறை கிடைப்பது கடினம், அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் டிக்கெட். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரில் 120-லிருந்து குறைத்தார்கள். தீபாவளிக்கு முந்தின நாள்களிலிருந்து அறுபதைப் பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் கிடைக்கும். திரும்பி வரும் டிக்கெட்டையும் அதன் நாள் திறந்ததும் போட்டுவிடுங்கள், அதுதான் முதலில் தீரும்.